உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் கண்டறிந்து மாற்றுதல்: முதன்முறை செய்பவர்களுக்கு

என் மேசைக் கணினி ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தியும் எழவில்லை. மூன்றாவது முறை அழுத்தியதும் எதுவும் நடவாததுபோல் எழுந்து வேலை செய்தது. அடுத்த சில வாரங்களில் திரை உறைவதும், தானாக அணைந்து மீள்வதும், யு.எஸ்.பி கருவிகள் காணாமல் போவதும் தொடர்ந்தன. நான் இயங்குதளத்தை இரண்டு முறை புதிதாக நிறுவினேன், நினைவகத்தையும் மாற்றினேன். கடைசியில் டார்ச் விளக்குடன் மதர்போர்டைக் குனிந்து பார்த்தபோது, செயலியின் அருகே வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்களில் ஐந்தின் தலை உப்பியிருந்தது. அவற்றின் மேல் அச்சிட்டிருந்த எண்களை மட்டும் பார்த்துப் புதியவற்றை வாங்கிப் பொருத்தினேன். எட்டு மாதத்தில் அவையும் உப்பின. அச்சிட்ட இரண்டு எண்கள் (மைக்ரோஃபாரட், வோல்ட்) பொருந்தினால் போதும் என்று நம்பியதுதான் என் தவறு. கீழே உள்ளவை மூன்றாவது முயற்சியில் பலித்த முறைகள்.

மின்தேக்கி என்று பாடநூல்களும், கண்டென்சர் என்று பழைய பழுதுபார்ப்பாளர்களும் சொல்வது இதைத்தான். இங்கே பேசப்படுவது பெரும்பாலும் உருளை வடிவ அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகை. உள்ளிருக்கும் திரவம் வற்றுவதாலும் வெப்பத்தில் வாயுவாக மாறுவதாலும் முதலில் கெடுவது இந்த வகைதான். சிறிய செராமிக் கெப்பாசிட்டர்கள் அரிதாகவே கெடும். கெட்டால் ஷார்ட் ஆகி அந்த மின்தடம் முழுவதையும் முடக்கிவிடும்.

1. அறிகுறி பொருந்துகிறதா என்று பாருங்கள்

கெப்பாசிட்டர் பழுதுக்கே உரிய ஓர் இயல்பு உண்டு: சாதனம் குளிர்ந்திருக்கும்போது அடம்பிடிக்கும், சூடேறியபின் ஓரளவு ஒழுங்காக நடக்கும். திரவம் குளிரும்போது அதன் உள்தடை கூடுவதே இதற்குக் காரணம். கணினியில், பலமுறை அழுத்தினால்தான் எழுவது, விளையாட்டு அல்லது காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலையின்போது மட்டும் அணைவது, நினைவகச் சோதனையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிழை காட்டுவது ஆகியவை சந்தேகத்திற்குரியவை. எல்.சி.டி மானிட்டரில், படம் ஓரிரு நொடி தெரிந்து பின்னொளி அணைவதும், மின்விளக்கு விட்டுவிட்டு மின்னுவதும் வழக்கமான அடையாளங்கள். ஒலிபெருக்கிகளில் தாழ்ந்த உறுமல் கேட்கும்.

சாதனம் இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு விற்றவரிடம் கொண்டு செல்லுங்கள். திருகைக் கழற்றியதற்கான தடயம் இருந்தால் பல நிறுவனங்கள் உரிமையை மறுக்கும்.

2. எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மதர்போர்டில் இருப்பது 12 வோல்ட்டும் அதற்குக் குறைந்ததும்தான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டால் அங்கே உயிருக்கு ஆபத்து இல்லை. பவர் சப்ளை அப்படியல்ல. 230 வோல்ட் மின்சாரத்தைத் திருத்தினால் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் கிடைக்கும். திறன் காரணித் திருத்தச் சுற்று உள்ள பவர் சப்ளைகளில் அது 380 முதல் 400 வோல்ட் வரை போகும். அதைச் சுமக்கும் பெரிய கெப்பாசிட்டர், கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். 330 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு) கெப்பாசிட்டர் 400 வோல்ட்டில் ஏறக்குறைய 26 ஜூல் ஆற்றலைத் தேக்கும். அது இதயத்தை நிறுத்தப் போதுமானது.

எனவே பவர் சப்ளையைத் திறந்தால், மின்கம்பியைப் பிடுங்கிச் சில நிமிடம் காத்திருந்து, பெரிய கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கிடையே மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வைத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால், 10 கிலோஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை நன்கு காப்பிட்ட கம்பிகளோடு இணைத்து 20 நொடி தொடவைத்து, மீண்டும் அளந்து உறுதிசெய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கம் பல காணொளிகளில் உள்ளது. அது ஸ்க்ரூடிரைவரின் முனையையும் பலகையின் தடத்தையும் எரிக்கும்; பறக்கும் உலோகத் துளி கண்ணுக்கும் போகலாம்.

மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியையும் புதியவர்கள் திறக்கவே வேண்டாம்.

3. கண்ணால் பாருங்கள், ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலையில் கூட்டல் குறி போலவோ மூன்று கிளைகளாகவோ கீறல் இருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் அந்த இடத்தில் பிளந்து வாயு வெளியேறட்டும் என்பதற்காகவே அந்தக் கீறல் போடப்படுகிறது. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சிறிய மேடும் நிழலாகத் தெரியும். தலை உப்பல், கீறலில் பழுப்பு அல்லது வெள்ளைப் படிவு, அடிப்பகுதி ரப்பர் அடைப்பு வெளியே பிதுங்கி உருளை சாய்ந்து நிற்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அது மாற்ற வேண்டியது.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது பசை. அதிர்வில் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் கெப்பாசிட்டரின் அடியில் ஊற்றும் பசை, பழுப்பேறினால் கசிவு போலவே தெரியும். அது கசிவு அல்ல. எனினும் வெப்பத்தில் கருகிய பசை மின்கடத்தும் தன்மை பெறுவதும் அருகிலுள்ள கால்களை அரிப்பதும் உண்டு என்பதால், அதைச் சுரண்டி எடுப்பது நல்லது. இரண்டாவது, உப்பாமலே கெடுவது. பவர் சப்ளையின் கட்டுப்பாட்டு ஐ.சி அருகே 10 முதல் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் அளவில் நிற்கும் சின்னஞ்சிறு தொடக்கக் கெப்பாசிட்டர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பக்கத்தில் சூடாகும் பாகங்களின் வெப்பத்தில் அது உள்ளுக்குள் வற்றிவிடும். வெளியே பார்த்தால் புதிதுபோல் இருக்கும். அது கெட்டால் சாதனம் எழவே எழாது, அல்லது டிக் டிக் என்று துடித்துக்கொண்டிருக்கும். பெரிய உருளைகளை எல்லாம் மாற்றிவிட்டு இதை விட்டவர்கள் ஏராளம். நானும் ஒரு மானிட்டரில் விட்டிருக்கிறேன்.

மின்வழங்கல் நுழையுமிடத்தில் மஞ்சள் நிறமான, ஒளி ஊடுருவும் உறை கொண்ட பழைய காகிதக் கெப்பாசிட்டர்களில் நுண்விரிசல் தெரிந்தால், அவை இன்னும் வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள். விரிசல் வழியே ஈரம் புகுந்து, ஒரு நாள் அறை நிறையப் புகை கக்கும்.

4. அளந்து உறுதிசெய்யுங்கள்

மல்டிமீட்டரின் கொள்ளளவு அளவீடு பாதி உண்மையைத்தான் சொல்லும். கெப்பாசிட்டரின் கொள்ளளவு சரியாக இருந்தும் அதன் உள் தொடர்தடை, அதாவது ஈ.எஸ்.ஆர், பன்மடங்கு உயர்ந்திருக்கலாம். மல்டிமீட்டர் மெதுவாக அளப்பதால் இதைக் காணாது. பவர் சப்ளையோ நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பதால் இதனால்தான் திணறும். 100 கிலோஹெர்ட்சில் அளக்கும் ஈ.எஸ்.ஆர் மீட்டர் இருந்தால், 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் அளவிலான நல்ல குறைதடை வகை சில பத்து மில்லிஓம் காட்டும். ஓர் ஓம் அளவுக்குப் போயிருந்தால் அது முடிந்த கதை.

பலகையில் இருக்கும்போதே அளக்க முடியும் என்று மீட்டர் விற்பவர்கள் சொல்வது ஓரளவே சரி. செயலியைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்கள் பக்க இணைப்பில் இருப்பதால், பத்தில் ஒன்று நன்றாக இருந்தாலும் மீட்டர் நல்ல அளவைக் காட்டிவிடும். ஐயம் இருந்தால் கழற்றி அளங்கள். அளப்பதற்கு முன் மின்னூட்டத்தை வடிக்க மறந்தால் மீட்டர் போய்விடும்.

5. கழற்றும் முன் ஆவணம் செய்யுங்கள்

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் செலவிடும் அரை மணி நேரம்தான் இந்த வேலையின் முக்கியமான பகுதி. பலகையை மேலிருந்தும் நான்கு பக்கங்களிலிருந்தும் படமெடுங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மேலுள்ள வெள்ளைப் பட்டை எந்தப் பக்கம் நோக்கியுள்ளது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்: பலகையில் அச்சிட்ட இட எண், மைக்ரோஃபாரட், வோல்ட், வெப்ப வரம்பு, தயாரிப்பாளர், தொடர் எழுத்துகள், விட்டம், உயரம், கால்களுக்கிடையே உள்ள தூரம்.

படம் ஏன் கட்டாயம் என்றால், பலகையில் அச்சிட்ட துருவக் குறிக்கு உலகப் பொதுவிதி இல்லை. பெரும்பாலான பலகைகளில் வட்டத்தின் வெள்ளையடித்த பாதி எதிர்முனையைக் குறிக்கும். சிலவற்றில் அதே வெள்ளைப் பாதி நேர்முனை. நான் ஒருமுறை பழக்கத்தை நம்பி ஒன்றைத் திருப்பிப் பொருத்தி, அது பட்டாசுபோல் வெடித்துக் காகிதச் சுருளாய் அறையெங்கும் சிதறியதைப் பெருக்கி அள்ளியிருக்கிறேன். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை எதிர்முனையைக் குறிக்கும், தட்டையான டான்டலம் வகையில் பட்டை நேர்முனையைக் குறிக்கும்.

6. மாற்றுக் கெப்பாசிட்டரைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நான் எட்டு மாதத்தை இழந்தேன். 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. அதையே கேட்டு வாங்கினேன். கிடைத்தது பொதுப் பயன்பாட்டு வகை, 85 பாகை வரம்பு. அதே எண்கள், வேறு பொருள்.

நீங்கள் வாங்கும் கெப்பாசிட்டரின் டேட்டாஷீட்டை, அதாவது அதன் அளவுகள் எல்லாம் அடங்கிய விவரத்தாளை, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பதிவிறக்கி, பழையதன் டேட்டாஷீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பழையதன் தயாரிப்பாளர் இப்போது இல்லாவிட்டாலும் அதன் தொடர் எழுத்துகளைத் தேடினால் டேட்டாஷீட் பெரும்பாலும் கிடைத்துவிடும். பார்க்க வேண்டிய வரிகள் இவை:

வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், ஒருபோதும் குறையக்கூடாது. 10 வோல்ட் இடத்தில் 16 வோல்ட் போடலாம், இடம் இருந்தால்.

கொள்ளளவு சமமாக இருப்பது நல்லது. மின்சாரத்தைச் சமன்செய்யும் இடத்தில் சற்றுக் கூடினால் கேடில்லை. நேரத்தை நிர்ணயிக்கும் சுற்றுகளிலும் மேலே சொன்ன தொடக்கக் கெப்பாசிட்டரிலும் அதே அளவையே போடுங்கள்.

100 கிலோஹெர்ட்சில் உள்ள தடை, பழையதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். ரிப்பிள் மின்னோட்டத்தை, அதாவது நேர்மின்சாரத்தோடு வரும் ஏற்றஇறக்க மின்னோட்டத்தை, தாங்கும் திறன் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். இவ்விரண்டும் உருளையின் மேல் அச்சிடப்பட்டிருக்காது. டேட்டாஷீட்டில் மட்டுமே இருக்கும். பானசோனிக் நிறுவனத்தின் எஃப்.ஆர், எஃப்.எம் தொடர்களும், ரூபிகானின் இசட்.எல்.எச் தொடரும் குறைதடை வகைகள். நிச்சிகானும் யுனைடெட் கெமி-கானும் இத்தகைய தொடர்களைத் தயாரிக்கின்றன. ஆனால் அதே நிறுவனங்கள் பொதுவகைகளையும் செய்கின்றன என்பதால், நிறுவனப் பெயர் மட்டும் போதாது, தொடரின் பெயரைப் பாருங்கள்.

வெப்ப வரம்பும் ஆயுள் மணிநேரமும் சேர்த்தே படிக்க வேண்டியவை. வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தோராயமான கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று உத்தரவாதமுள்ள கெப்பாசிட்டர், 65 பாகையில் நின்றால் 16 மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் தாங்கும். 85 பாகையில் 2,000 மணி நேரம் என்றிருப்பதோ அதே 65 பாகையில் 8,000 மணி நேரம்தான் தாங்கும்; இரவும் பகலும் ஓடும் கணினியில் அது 11 மாதம். ரிப்பிள் மின்னோட்டம் உள்ளிருந்து சூடேற்றுவதையும் சேர்த்தால், என் எட்டு மாதக் கணக்கு சரியாகிவிடும்.

விட்டத்தையும் உயரத்தையும் அளக்காமல் வாங்கினால், குளிர்விப்பானின் விசிறி அடியில் இடிக்கும். கால் இடைவெளி பொதுவாக விட்டத்தோடு ஒட்டியது: 6.3 மி.மீ விட்டத்திற்கு 2.5 மி.மீ, 8 மி.மீக்கு 3.5 மி.மீ, 10 மற்றும் 12.5 மி.மீக்கு 5 மி.மீ.

திடநிலை பாலிமர் கெப்பாசிட்டர்கள் மேலானவை, அதனால் எங்கும் அவற்றைப் போடலாம் என்று சொல்வார்கள். உலர்ந்துபோகத் திரவம் இல்லாதவை, தடையும் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் சில மின்னழுத்தச் சீராக்கிகள் ஓரளவு தடை இருந்தால்தான் நிலையாக இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. தடை மிகக் குறைந்தால் அவை அலைவுறத் தொடங்கும். முதன்முறை செய்பவர் இருந்த வகையையே போடுவது நல்லது. பி.பி அல்லது என்.பி என்று அச்சிட்ட இருதுருவ வகை இருந்த இடத்தில் அதே வகையையும், மின்வழங்கல் நுழைவில் எக்ஸ், ஒய் வகைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர்கள் இருந்த இடத்தில் அதே பாதுகாப்பு வகுப்பையும் மட்டுமே போடுங்கள். இதில் சமரசமே கிடையாது.

7. செலவும் நேரமும்

கெப்பாசிட்டரின் விலை அற்பம். பெரும்பாலும் அனுப்பும் கட்டணம்தான் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரே முறையில் எல்லாவற்றையும், ஒவ்வொரு அளவிலும் ஓரிரண்டு உபரியாகவும் வாங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவது முக்கியம். பெயர்பெற்ற தொடர்களின் பெயரைப் போலி உறையில் அச்சிட்டு மலிவாக விற்பது இத்துறையில் சாதாரணம். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பழைய சரக்கையும் தவிர்த்துவிடுங்கள்.

உண்மையான செலவு கருவிகளில் உள்ளது: வெப்பக் கட்டுப்பாடுள்ள 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலான விக், ஈயம் நன்கு ஒட்ட உதவும் ஃபிளக்ஸ், ஐசோபுரொபைல் ஆல்கஹால். இவை இல்லாதவர் ஒரே ஒரு சாதனத்துக்காக வாங்குவதைவிடப் பழுதுபார்ப்பவரிடம் சரியான கெப்பாசிட்டர்களை வாங்கிக் கொடுத்து மாற்றச் சொல்வது சிக்கனம். எட்டுக் கெப்பாசிட்டர்களுக்கு எனக்கு முதல் முறை முழுப் பிற்பகல் பிடித்தது. இப்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

8. கழற்றுங்கள்

முதலில் ஒரு குப்பைப் பலகையில் பத்துக் கெப்பாசிட்டர்களையாவது கழற்றிப் பழகுங்கள். மதர்போர்டு பல அடுக்குகள் கொண்டது. எதிர்முனைக் கால் உள்ளடுக்கின் பெரிய செம்புத் தகட்டோடு இணைந்திருப்பதால், நீங்கள் கொடுக்கும் வெப்பத்தை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். ஊசிமுனை உதவாது, உளி வடிவ அகன்ற முனையைப் பொருத்தி 350 முதல் 380 பாகை வரை வையுங்கள்.

தொழிற்சாலை வைத்த ஈயமற்ற பற்று உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். 63/37 (வெள்ளீயம்/ஈயம்) கலவை 183 பாகையில் உருகும். எனவே கழற்றும் முன் ஒவ்வொரு காலிலும் ஃபிளக்ஸும் சிறிது புதிய ஈயமும் சேர்த்துக் கலக்கவிடுங்கள், வேலை பாதியாகும். பின் ஒரு காலைச் சூடாக்கி உருளையை மறுபக்கம் மெல்லச் சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி இந்தப் பக்கம் சாய்த்து, மாறி மாறி அசைத்து வெளியே எடுங்கள். இழுக்காதீர்கள். உருகாமல் இழுத்தால் துளையின் உள்ளே பூசிய செம்புக் குழாயும் சேர்ந்து வரும். உள்ளடுக்குகளுக்கான இணைப்பு அந்தக் குழாய் வழியேதான் போகிறது. அதே காரணத்தால், அடைபட்ட துளையைத் துளைக்கருவியால் திறக்கவும் கூடாது. ஒரு பக்கம் சூடாக்கி மறுபக்கம் பம்பால் உறிஞ்சுங்கள். அதற்கும் மசியாவிட்டால், ஈயம் ஒட்டாத துருப்பிடிக்கா எஃகு ஊசியையோ பல்குத்தும் குச்சியையோ ஈயம் உருகியிருக்கும்போது செருகுங்கள்.

சூடேற்றும்போது மீன் நாற்றம் அடித்தால் கசிந்த திரவம் பலகையில் இருக்கிறது என்று பொருள். அது செம்பை அரிக்கும். கையுறையோடு, ஜன்னலைத் திறந்து வைத்து, ஆல்கஹாலால் நன்கு கழுவித் துடைத்த பிறகே அடுத்த வேலை.

9. பொருத்துங்கள்

புதிய கெப்பாசிட்டரின் நீண்ட கால் நேர்முனை. படத்தையும் அட்டவணையையும் பார்த்து ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மொத்தமாகப் பொருத்துவதைவிட, ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் ஒன்றைப் பொருத்துவது பிழையைக் குறைக்கும். உருளை பலகையோடு படிந்து நிற்க வேண்டும். ஈயம் துளையை நிரப்பி மறுபக்கம் தலைகாட்டினால் அதுவே நல்ல பற்று. வெட்டிய கால்துண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று பலகையின் அடியில் சிக்கியிருந்தால் உங்கள் உழைப்பு முழுவதும் ஒரு நொடியில் புகையாகும்.

உப்பியவற்றை மட்டும் மாற்றுவதா, அதே வரிசையில் நல்லதாகத் தெரிபவற்றையும் மாற்றுவதா? ஒரே தொடர், ஒரே இடம், ஒரே வயது என்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

10. முதல் முறை மின்சாரம் கொடுங்கள்

மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரைத் தடை அளவில் வைத்து ஒவ்வொரு மின்தடத்துக்கும் தரைக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பாருங்கள். செயலிக்கான தடத்தில் சில ஓம் மட்டுமே காட்டினாலும் அஞ்ச வேண்டாம். அது செயலியின் இயல்பான தடையாக இருக்கலாம். செயலியைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்தால் தெளிவாகும்.

பவர் சப்ளையாக இருந்தால் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரிஸ் லாம்ப் வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழு ஒளியில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, முகத்தைப் பலகைக்கு மேல் கொண்டுபோகாமல் ஓர் எட்டு தள்ளி நில்லுங்கள்.

எழுந்துவிட்டால், கணினிப் பவர் சப்ளையின் அளவுகளைச் சரிபாருங்கள். ஏ.டி.எக்ஸ் விதிப்படி 5 சதவீத ஏற்றத்தாழ்வு அனுமதி: 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.46 வரை. அலைநோக்கி வைத்திருப்பவர் ரிப்பிளையும் பார்க்கலாம். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டையும் மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக்கூடாது. அதன்பின் மூடியைத் திறந்தபடியே கனமான வேலை ஒன்றைக் கொடுத்துச் சில மணி நேரம் ஓடவிட்டு, இரவு முழுவதும் அணைத்து வைத்து, காலையில் குளிர்ந்த நிலையில் முதல் அழுத்திலேயே எழுகிறதா என்று பாருங்கள். எழாவிட்டால் மூன்றாம் பகுதியில் சொன்ன அந்தச் சிறு தொடக்கக் கெப்பாசிட்டரைத் தேடுங்கள்.